வாய்தா யாருடையது?

(ராயகிரியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்த ஆளைப் பார்த்து 'வழக்கு என்ன ஆச்சு?' என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. 'அடுத்த வாய்தா எப்போ?' என்றுதான் கேட்கிறோம். சங்கரன்கோவில் கோர்ட்டானாலும் தென்காசியானாலும், அப்பீல் என்று மதுரைக் கிளைக்குப் பஸ் ஏறினாலும் கேள்வி மாறுவதில்லை. தீர்ப்பு என்று ஒன்று வரும் என்ற நினைப்பே பேச்சிலிருந்து கழன்றுவிட்டது.

வாய்தா என்பது அரபியில் வேர்விட்டு உருது வழியாக நமக்கு வந்த சொல். வாக்குறுதி என்று பொருள். ரெவின்யூ கணக்கில் கிஸ்தியோடு சேர்ந்து புழங்கியது. தீர்வைக்கு வாய்தா என்றால், இன்ன தேதிக்குள் கட்டிவிடுகிறேன் என்று குடியானவன் ஏற்றுக்கொண்ட கெடு. அந்த வாய்தாவுக்கு ஓர் ஆள் உண்டு. தவறினால் ஜப்தியும் உண்டு. கோர்ட்டு வாய்தாவுக்கு வாக்குக் கொடுத்தவர் யார்? வாதியா, பிரதிவாதியா, வக்கீலா, நீதிபதியா? தேடிப் பார்த்தால் ஒருவரும் அகப்பட மாட்டார். இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான். தாமதத்தைப் பற்றிச் சட்டம் ஏராளமாகப் பேசுகிறது. ஆனால் தாமதத்துக்கு ஒரு சொந்தக்காரர் தென்படுகிற இடத்தில்தான் அதன் பேச்சு கூர்மையாக இருக்கிறது. சொந்தக்காரர் இல்லாத தாமதத்தின் முன்னால் அதற்கு நா எழுவதில்லை.

முதலில், ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கிற இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். காலாவதி வேறு, தாமதம் வேறு.

காலாவதியில் ஒளிவுமறைவு கிடையாது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் வழக்கு வழக்காகக் கெடு வைத்திருக்கிறது. புரோநோட்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகும் என்பது நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அடுத்தவர் நிலத்தைப் பகிரங்கமாகப் பன்னிரண்டு வருஷம் ஆண்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வாங்கிய டிக்ரியை நிறைவேற்றவும் பன்னிரண்டு வருஷம்தான். எதிராளி வாய் திறக்காவிட்டாலும் கெடு தாண்டிய வழக்கைக் கோர்ட்டே தள்ளிவிட வேண்டும் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. அவதி என்றால் வடமொழியில் எல்லை. நாம் அதைத் துன்பம் என்று எடுத்துக்கொண்டோம். கெடு தாண்டி வந்தவரைப் பார்த்தால் அதுவும் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

இதில் நிலம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விலக்கு உண்டு. தாத்தா காலத்தில் ஒத்திக்கு விட்ட வயலை, 'முப்பது வருஷம் தாண்டிப்போச்சு, இனி திருப்ப முடியாது' என்று அனுபவத்தில் இருப்பவர் சொல்வார். அடைமானத்தைத் திருப்ப முப்பது ஆண்டு என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் நிலத்தை ஒப்படைத்து, விளைச்சலை வட்டிக்கோ முதலுக்கோ கழித்துக்கொள்கிற அனுபோக ஒத்திக்கு அந்தக் கணக்கு எழுதிக்கொடுத்த நாளில் தொடங்குவதில்லை. பணம் தீர்ந்த பிறகுதான் தொடங்கும் என்று 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் அமர்வில் சொல்லிவிட்டது. ஒத்தி ஒத்திதான், வருஷம் ஓடியதால் அது கிரயம் ஆகாது. பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இனி தாமதம். கெடு தாண்டி அப்பீலுக்கு வருகிறவர் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வருவார். வக்கீல்கள் நாங்கள் அதை 'டிலே பெட்டிஷன்' என்போம். போதிய காரணம் இருந்தால் தாமதத்தைக் கோர்ட்டு மன்னிக்கலாம். எது போதிய காரணம் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1890-ஆம் வருஷச் சட்ட அறிக்கையில் இருக்கும் கிருஷ்ணா - சாத்தப்பன் வழக்கு அது. கட்சிக்காரர் அசட்டையாக இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை என்றால் கதவைச் சாத்தாதே என்பது அதன் சாரம்.

இதன் நீளஅகலம் தெரிய வேண்டுமானால் 1998-க்குப் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன பாலகிருஷ்ணன் - கிருஷ்ணமூர்த்தி வழக்கு. நில வழக்கில் ஒருதலைப்பட்ச டிக்ரி ஆகிவிட்டது. அதை ரத்து செய்யப் போட்ட மனுவும் ஆள் வராமல் தள்ளுபடி. வக்கீல் கவனிக்கவில்லை, கட்சிக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்து ஓடி வந்தபோது 883 நாள் தாமதம். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது. உயர் நீதிமன்றம் முடியாது என்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி. தாமஸ் மறுபடி மன்னித்தார். எத்தனை நாள் என்பது கணக்கில்லை, சொல்கிற காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதுதான் கணக்கு என்று தீர்ப்பு. இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அந்தக் கட்சிக்காரர் தன் வக்கீல்மேலேயே நுகர்வோர் மன்றத்துக்குப் போய் ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கியிருந்தார். இனி அது நடக்காது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் எங்களைக் காப்பாற்றிவிட்டது. சிரிக்காதீர்கள், சிவில் கோர்ட்டில் இன்னும் எங்கள்மேல் வழக்குப் போடலாம்.

அதே நீதிபதியின் இன்னொரு தீர்ப்பு, சில மாத இடைவெளியில். இதுவும் நம் மாநில வழக்குதான், ராஜம்மாள் வழக்கு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தில் ஒருவரைப் பிடித்துப்போட்டார்கள். விடுதலை கேட்டு அரசுக்கு மனுக் கொடுத்தாயிற்று. கோப்பு அதிகாரிகளின் மேசைகளைத் தாண்டி அமைச்சரிடம் போனது. அங்கே சில நாள் நின்றது. ஏனென்று கேட்டால் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று அரசு பதில் சொன்னது. 883 நாளை மன்னித்த அதே நீதிபதி, அந்தச் சில நாளை மன்னிக்கவில்லை. ஒரு மனிதன் விசாரணையில்லாமல் அடைபட்டுக் கிடக்கும்போது அமைச்சர் ஊரில் இல்லை என்பது காரணமாகாது, கோப்பு அவர் இருக்கிற இடத்துக்குப் போயிருக்கலாமே என்று காவலையே ரத்து செய்தார். இங்கேயும் அதே அளவுகோல்தான்: நாளின் எண்ணிக்கை அல்ல, அதற்குச் சொல்லும் காரணம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று இளம் வக்கீல்களுக்குச் சொல்வேன். முன்னதில் தாமதம் யாருடையது என்று பார்த்தார், கட்சிக்காரருடையது இல்லை. பின்னதில் யாருடையது என்று பார்த்தார், அரசின் மேசையுடையது. ஆளை அடையாளம் கண்டதும் தீர்ப்பு தானாக விழுந்தது.

தடுப்புக்காவல் வழக்கு நடக்கும் நாளில் மதுரைக் கிளையில் உட்கார்ந்து பாருங்கள். கோப்பு எந்தத் தேதியில் எந்த மேசைக்கு வந்தது, அதில் சனி ஞாயிறு எத்தனை, மிச்சம் எத்தனை நாளுக்குப் பதில் இல்லை என்று அரசு வக்கீலிடம் ஒரு பட்டியலே இருக்கும். பதில் சொல்லப்படாத நாள் இருந்தால் காவல் உத்தரவு நிற்காது. இத்தனைக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 22(5)-ஆம் கூறில் நாள் கணக்கு எதுவும் கிடையாது. கூடிய விரைவில் என்ற அளவில்தான் இருக்கிறது. விரைவு என்றால் எவ்வளவு என்று கோர்ட்டே மேசை மேசையாக எண்ணிக்கொள்கிறது.

கிட்டத்தட்ட இதே சொற்றொடர் 200-ஆம் கூறிலும் உண்டு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் மனமில்லை என்றால் ஆளுநர் அதைக் கூடிய விரைவில் திருப்பி அனுப்பலாம். தமிழ்நாட்டில் 2020 ஜனவரி முதல் அனுப்பப்பட்ட மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தங்கின. 2023 நவம்பரில் பத்து மசோதாக்களைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. அவை குடியரசுத் தலைவருக்குப் போயின. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று சொல்லி, இனி இத்தனை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது. அதே வருஷம் நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு கருத்துச் சொன்னது. கோர்ட்டு கெடு வைக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமே சொல்லாமல் முடிவில்லாமல் இழுத்தால் முடிவெடு என்று மட்டும் உத்தரவிடலாம் என்பது அந்தக் கருத்து.

அமைச்சர் பதவியும் ஆளுநர் பதவியும் ஒன்றல்ல, இரண்டு கூறுகளின் நோக்கமும் வேறு. அடைபட்டவனின் உரிமையும் சட்டமன்றத்தின் உரிமையும் ஒரே எடை என்று நான் வாதிட வரவில்லை. எனக்கு உறுத்துவது ஒன்று. குண்டர் சட்டக் கோப்பில் சார்புச் செயலாளர் மேசைவரை இறங்கி நாளை எண்ணுகிற நீதிமன்றத்துக்கு, மேலே போகப் போக விரல் மடிக்கக் கை வரவில்லை. நவம்பர் கருத்து ஏற்றுக்கொள்ளக்கூடியதா என்று என்னைக் கேட்டால், கெடு விஷயத்தில் அதன் தர்க்கம் எனக்குப் புரிகிறது. அதன் பலன் எனக்கு ஒப்பவில்லை.

உயிரே தொங்கும் இடத்திலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. தூக்குத் தண்டனை கொடுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்தால் அதை ஆயுளாகக் குறைக்கக் கேட்கலாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி 1983 பிப்ரவரியில் சொன்னார். வைத்தீஸ்வரன் வழக்கு, அதுவும் தமிழ்நாடுதான். மார்ச் மாதமே இன்னொரு அமர்வு, இரண்டு வருஷம் என்ற கணக்கு செல்லாது என்றது. ஆனால் கேள்வி சாகவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் கருணை மனு பதினோரு வருஷம் கிடந்தது. 2014 பிப்ரவரி 18 அன்று, அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனுவைக் கிடப்பில் போட்டது கைதி இல்லை. ஆக, சொந்தக்காரர் யார் என்பதில் சந்தேகமே எழவில்லை.

சிவில் வாய்தாவுக்கு வருகிறேன், நீங்கள் காத்திருப்பது அதற்குத்தான் என்று தெரியும். சிவில் நடைமுறைச் சட்டம் 17-ஆம் கட்டளைப்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கிடையாது. 2002 ஜூலை முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது ஒத்திவைக்கக் காரணமாகாது என்றும் அதிலேயே அச்சடித்திருக்கிறது. தினமும் பத்தரை மணிக்கு எல்லாக் கோர்ட்டிலும் சொல்லப்படுகிற காரணம் எதுவோ, அதைப் பேர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள்.

பிறகு எப்படி முப்பது வாய்தா? சேலம் வக்கீல்கள் சங்கம் இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிற்று. 2005-இல் வந்த தீர்ப்பு திருத்தங்களைச் செல்லும் என்றது. ஆனால் கையை மீறிய நிலையில் மூன்றுக்கு மேலும் கொடுக்கலாம் என்று ஒரு சன்னல் வைத்தது. அதற்கு அது காட்டிய உதாரணங்கள் போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி. சுனாமிக்காக வைத்த சன்னலில் வக்கீலின் தலைவலியும், சாட்சியின் ஒன்றுவிட்ட மாமா வீட்டுக் கல்யாணமும் நுழைந்து போய்வருகின்றன. நீதிபதிகளைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் பட்டியலில் அவர்களால் கேட்டு முடிக்க முடிகிற அளவைப்போலப் பல மடங்கு வழக்கு ஏறியிருக்கும். யாராவது வாய்தா கேட்டால் அந்த நாற்காலிக்கு மூச்சு விட முடிகிறது. ஒரு வாய்தாவில் எல்லாருக்கும் கொஞ்சம் சவுகரியம் இருக்கிறது. பஸ் ஏறி வந்த கட்சிக்காரருக்கு மட்டும் இல்லை.

வழக்கு ஜெயித்தால் தீர்ந்ததா என்றால், இந்தியாவில் வழக்காடுபவனின் தொல்லை டிக்ரி வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சிலே 1872-இல் கவலைப்பட்டிருக்கிறது. அப்போதும் சரி, இப்போதும் சரி, அதற்குப் பெயர் ஈ.பி., நிறைவேற்று மனு. 2025 மார்ச்சில் வந்த பெரியம்மாள் வழக்குத் தீர்ப்பைப் பாருங்கள். கிரய உடன்படிக்கை 1980, வழக்கு 1986. நிலத்தைக் கையில் வாங்குவதற்குள் இரண்டு தலைமுறை. நொந்துபோன உச்ச நீதிமன்றம், நாடெங்கும் கிடக்கும் ஈ.பி.க்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. அக்டோபரில் கணக்கு வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் முடித்திருந்தார்கள். இன்னும் நிலுவை 8.8 லட்சம், தமிழ்நாட்டில் மட்டும் 86,000-க்கும் மேல். ஈ.பி.யில் யார் இழுக்கிறார்கள் என்று பார்த்தால், பிரதிவாதி மட்டுமில்லை. அவருடைய தம்பி, குத்தகைக்காரர், திடீரென்று முளைத்த பங்காளி என்று ஒவ்வொருவராக ஆட்சேபணை மனுவோடு வருவார்கள். இழுத்தடிப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தமான இடம் இதுதான். இழுப்பவர்களுக்கு முகம் இருக்கிறது, நோக்கம் இருக்கிறது, செலவுத்தொகை போட்டுத் தடுக்கவும் வழி இருக்கிறது. எனவே இது எனக்குப் பெரிய பயம் இல்லை.

பயம் வாச்சாத்தியைப் படிக்கும்போதுதான். தருமபுரி மாவட்டம், 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து செய்தவை உங்களுக்குத் தெரியும். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அப்பீல்களைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. சம்பவத்திலிருந்து முப்பத்தொரு வருஷம். அந்த 54 பேர் தண்டனையிலிருந்து தப்பினார்களே, அவர்களைத் தப்பவிட்டது யார்? ஆரம்பத்தில் புகாரை மறுத்தவர்களைச் சுட்டலாம். அதற்குப் பிந்திய வருஷங்களுக்கு? ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். மொத்தமாகக் கூட்டிய முப்பத்தொரு வருஷத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை. 5-ஆம் பிரிவில் ஏழைக் கட்சிக்காரரிடம் இந்தத் தாமதம் ஏன் என்று கேட்கிற கோர்ட்டிடம், அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் ஒரு மனு கிடையாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நம் மலைக்கு மேலே செண்பகவல்லி அணைக்கட்டு. மேற்கே ஓடிப்போகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பி இந்த வட்டாரத்துக் குளங்களை நிறைத்த பழைய சுவர். அறுபதுகளின் வெள்ளத்தில் உடைந்தது. இடம் கேரளத்தில் இருக்கிறது, தண்ணீர் வேண்டியது நமக்கு. எண்பதுகளில் தமிழ்நாடு தன் பங்குப் பணத்தைக் கட்டியது. பிறகு அந்தப் பணம் திரும்பி வந்தது. கோர்ட்டுக்கும் போயாயிற்று, மனுக் கொடுத்த கைகளில் பல இன்று இல்லை. இதற்கு என்ன சொல் வைப்பீர்கள்? காலாவதி என்றால் கெடு இருந்திருக்க வேண்டும். இழுத்தடிப்பு என்றால் இழுத்தவர் வேண்டும். இரண்டு அரசுகள், பல ஆட்சிகள், வந்துபோன செயலாளர்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்பதுதான் நமக்குக் கிடைத்த பதில். அதில் எழுவாயே இல்லை, கவனித்தீர்களா? யார் பரிசீலிக்கிறார் என்று கேட்டால் வாக்கியம் முடிந்துவிடுகிறது.

வாக்கியத்துக்கு எழுவாய் வைத்த ஒரு சட்டம் எனக்குத் தெரிந்து உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முப்பது நாளில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதென்றால் 48 மணி நேரத்தில். காரணமில்லாமல் தாண்டினால் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம். துறைக்கு அல்ல, அந்தப் பொதுத் தகவல் அலுவலருக்கு, அவர் கையிலிருந்து. தாமதத்துக்கு ஓர் ஆளும் ஒரு நாள் கூலியும் நிர்ணயித்த சட்டம் இது. அதனால்தான் மற்ற மனுக்கள் தூங்குகிற அலுவலகத்தில் இந்த மனு மட்டும் எழுந்து நடக்கிறது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முதல் மேல்முறையீட்டை முப்பது நாளில், போனால் போகிறது என்று நாற்பத்தைந்து நாளில் முடிக்கச் சொன்னவர்கள், ஆணையத்துக்குப் போகும் இரண்டாவது மேல்முறையீட்டுக்குக் கெடுவே எழுதவில்லை. மேலே ஏற ஏற விரல் மடிவதில்லை என்று சொன்னேனே, இங்கேயும் அப்படித்தான்.

வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வழக்குக்குப் பதினாறு இலக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கிறது, சி.என்.ஆர். என்பார்கள். வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டால் தருவார். பேரப்பிள்ளையிடம் கொடுத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் போடச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்து எல்லா வாய்தாவும், எந்த நாளில் எதற்காக வைத்தார்கள் என்ற பத்தியோடு வரிசையாக வரும். அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அன்றைக்கு வாய்தா கேட்டது யார் என்று எழுதிவையுங்கள். நம் வக்கீலா, எதிர் வக்கீலா, சாட்சியா, நீதிபதி விடுப்பா, கோர்ட்டுப் புறக்கணிப்பா. எதிர்த்தரப்பு என்று வருகிற வரி மூன்றைத் தாண்டினால், அடுத்த முறை செலவுத்தொகையோடுதான் வாய்தா கொடுக்க வேண்டும் என்று 17-ஆம் கட்டளையைக் காட்டி மனுப்போடச் சொல்லுங்கள். நம் வக்கீல் பெயரே அதிகம் வந்தால் அதையும் அவர் முன்னால் வையுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வக்காலத்தை மாற்றிக்கொள்ளலாம். யார் பெயரும் எழுத முடியாத வரிகள் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அவற்றை அழிக்க வேண்டாம், அப்படியே வெற்றாக விட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். அவை எத்தனை என்று நானும் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்கலாம்.